தமி: ஓர் எழுத்தும் அதன் இரு ஒலிகளும்

யப்பானிய மொழியில் மக்களைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. ஒரு வகையில் வாசித்தால் அது 'மின்'. இன்னொரு வகையில் வாசித்தால் 'தமி'. இந்தச் செய்தி எம்மவர் மத்தியில் எப்படியோ பரவி, "யப்பான்காரன் சனத்துக்கே தமிழ் எண்டுதான் பேர் வைச்சிருக்கிறான்" என்ற அளவில் கலைவிழா மண்டபங்களிலும் பிறந்தநாள் வீடுகளின் மூலைக் கதிரைகளிலும் உலாவுகின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் யப்பானிய மொழியைப் படிக்கத் தொடங்கியவன் என்ற காரணத்தால், இது உண்மையா என்று என்னைக் கேட்டவர்கள் பலர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. அந்த எழுத்தின் வரலாறு, மேடையில் சொல்லப்படும் கதையைவிட எமக்கு மிக நெருக்கமானது. அதனையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

முதலில் எழுத்தின் வடிவம். மேலே ஒரு சிறிய பெட்டி. அதன் இடது ஓரத்திலிருந்து கீழே இறங்கி, நுனியில் மேல்நோக்கிச் சுண்டும் ஒரு கோடு. நடுவே குறுக்காக ஒன்று. கடைசியாக, வலப்புறம் நீளமாகச் சரிந்து முடிவில் கொக்கியாக வளையும் கோடு. மொத்தம் ஐந்து கோடுகள். யப்பானியப் பிள்ளைகள் இதனை நான்காம் வகுப்பிற் படிக்கின்றார்கள். ஆரம்பப் பள்ளியில் அவர்கள் படிக்க வேண்டிய சீன எழுத்துக்கள் 1,026. பொதுப் பாவனைக்கென அரசாங்கம் 2010 இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் உள்ளவை 2,136. இந்தக் கணக்கைக் கேட்டவுடனேயே எமது 247 எழுத்தைக் குறைசொல்லும் பிள்ளைகள் வாய்மூடி விடுவார்கள்.

ஓர் எழுத்துக்கு எப்படி இரண்டு ஒலி என்பது எம்மவர் பலருக்கு விளங்குவதில்லை. விளங்கவைக்க யப்பானுக்குப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து விரித்தாற் போதும். அதில் நொத்தாரிசு ௵ என்று ஒரு குறி போட்டிருப்பார். அதனை ஒருவர் 'வருஷம்' என்று வாசிப்பார். இன்னொருவர் 'ஆண்டு' என்று வாசிப்பார். இரண்டும் சரி. குறி ஒன்று, பொருள் ஒன்று, ஒலி இரண்டு. ஒன்று வடமொழியிலிருந்து வந்தது, மற்றது எங்களுடையது. யப்பானியர் தமது எழுத்து முழுவதையும் இந்த ௵ போலவே கையாளுகின்றார்கள். சீனத்திலிருந்து எழுத்தோடு கூடவே வந்த ஒலியை 'ஒன்' வாசிப்பு என்பர். அந்த எழுத்தின் பொருளுக்கு ஏற்கனவே தம்மிடம் இருந்த சொல்லை அதன்மேல் ஏற்றி வாசிப்பதைக் 'குன்' வாசிப்பு என்பர். எமது எழுத்தில் 'மின்' என்பது ஒன். 'தமி' என்பது குன். பொதுவாக, இரண்டு மூன்று எழுத்துக்கள் சேர்ந்து கூட்டுச்சொல்லாக வரும்போது ஒன் வாசிப்பும், தனியே நிற்கும்போது குன் வாசிப்பும் வரும். விதிவிலக்குகள் ஏராளம்.

ஒலியும் எழுத்தும் இப்படி ஒட்டாமல் இருப்பதை விசித்திரம் என்று சிரிப்பவர்கள் தாம் குடியிருக்கும் இடத்தின் பெயரை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். ரெக்ஸ்டேல் அடங்கியிருந்த பழைய நகரசபையின் பெயர் எட்டோபிக்கோ. 1998 இல் அது ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டின் கடைசியில் ஒரு 'க்' நிற்கின்றது. வாயில் அது வருவதில்லை. மிசிசாகா மக்களின் மொழியில் ஆல்டர் மரங்கள் வளரும் இடம் என்ற பொருளுடைய சொல்லை ஆங்கிலேயர் தமது காதில் விழுந்தபடி எழுதி, பின்னர் எழுதியதையும் விட்டு வேறாக வாசிக்கின்றனர். ரெக்ஸ்டேல் என்ற பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1950களில் இங்கு வீடு கட்டி விற்ற ரெக்ஸ் ஹெஸ்லொப் என்பவர் தன் பெயரையே வைத்துவிட்டுப் போனார்.

சீன எழுத்து யப்பானுக்கு ஒரே நாளில் வந்ததல்ல. கொரியாவின் பெக்சே அரசிலிருந்து வானி என்ற அறிஞர் கொன்பியூசியசின் நூலையும் ஆயிரம் எழுத்து நூலையும் கொண்டுவந்தார் என்று 712 இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி கூறுகின்றது. ஆயிரம் எழுத்து நூலின் காலம் இதற்குப் பிந்தியது என்பதால் இதனை மரபுக்கதை என்றே கொள்ளவேண்டும். ஆனால் கொரியா வழியாக வந்தது என்ற செய்தி உண்மை. முதலில் வந்த ஒலிகள் தென்சீனத்தைச் சார்ந்தவை. பின்னர் தாங் அரச காலத்தில் தலைநகருக்குப் போய்ப் படித்துவந்த பிக்குகளும் தூதர்களும் வேறு உச்சரிப்பைக் கொண்டுவந்தனர். எமது எழுத்துக்கு முதலில் வந்த ஒலி 'மின்', பின்னர் வந்த ஒலி 'பின்'. அகராதியில் இரண்டும் இருக்கின்றன. சனத்தின் வாயில் நிலைத்தது 'மின்' மட்டுமே. பட்டணத்துப் புது உச்சரிப்பு தோற்று, பழையது வென்றதற்கு இது ஓர் உதாரணம்.

சீனத்தில் இந்த எழுத்தின் பிறப்பு மகிழ்ச்சியான கதையல்ல. வெண்கலப் பாத்திரங்களிற் பொறிக்கப்பட்ட அதன் பழைய வடிவத்தில் ஒரு கண் இருப்பதையும் அதன் கீழே கூரான ஏதோ ஒன்று குத்தி நிற்பதையும் சீன அறிஞர் குவோ மொருவோ சுட்டிக்காட்டினார். பிடிபட்டவர்களின் ஒரு கண்ணைக் குருடாக்கி அடிமைகளாக வைத்திருந்த வழக்கத்தின் சித்திரம் இது என்பது அவர் முடிவு. யப்பானியச் சொல்லாய்வாளர் ஷிரகாவா ஷிசுகாவும் ஏறத்தாழ இதே வழியிற் சென்றவர். எல்லா அறிஞரும் இதனை ஏற்பதில்லை. வடிவம் தெளிவு, விளக்கம் ஊகம் என்பதே என் கருத்தும். ஆனாலும் ஆரம்பத்தில் இச்சொல் 'ஆளப்படுபவர்' என்ற பொருளையே தாங்கி நின்றது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆள்பவனை இந்த எழுத்தால் யாரும் குறிப்பதில்லை. இதே எழுத்துக்குப் பக்கத்திற் கண் என்னும் எழுத்தைச் சேர்த்தால் 'உறக்கம்' ஆகின்றது. அங்கு இது ஒலிக்காகச் சேர்க்கப்பட்டது. ஆனாலும் மாணவர்கள் 'சனம் கண்ணை மூடிக்கொண்டால் நித்திரை' என்று மனனஞ் செய்து கொள்கின்றார்கள். நானும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கின்றேன்.

ஆளப்படுபவரின் எழுத்து ஒருமுறை ஆள்பவனிடமே போய்ச் சேர்ந்தது. தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சொங் 626 தொடக்கம் 649 வரை ஆண்டவர். அவருடைய இயற்பெயர் லி ஷிமின். கடைசி அசை எமது எழுத்துத்தான். அரசரின் பெயரை வாயாற் சொல்வதும் கையால் எழுதுவதும் குற்றம். அதனால் எழுத்தர்கள் இதனை எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'மனிதர்' என்ற வேறு எழுத்தைப் போட்டார்கள். அல்லது ஒரு கோட்டை விட்டுவிட்டு எழுதினார்கள். அவர் இறந்த பின்னர், குடிசனக் கணக்கையும் வரியையும் பார்த்த 'மின் திணைக்களத்தின்' பெயரே மாற்றப்பட்டு 'வீட்டுத் திணைக்களம்' ஆயிற்று. சனத்தை ஆண்ட அரசனின் பெயர் காரணமாகச் சனத்தின் எழுத்தே ஏடுகளிலிருந்து மறைந்த காலம் அது. யப்பான் தாங் சட்டத்தைப் பார்த்தே தன் சட்டங்களை எழுதியபோதும் இந்தத் தடையைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அங்கே 'மின்பு' என்ற அமைச்சு அதே பெயரில் நூற்றாண்டுகளாக இருந்தது.

இனி 'தமி'க்கு வருவோம். பழைய யப்பானியத்தில் மக்களைக் குறிக்கப் பல சொற்கள் இருந்தன. 720 இல் நிறைவுற்ற நிஹொன் ஷொக்கி என்ற வரலாற்று நூலில் இவ்வெழுத்து வருமிடங்களிற் பலவற்றை 'ஓமிதகரா' என்று வாசிப்பது மரபு. பேரரசரின் பெருஞ்செல்வம் என்பது அதன் பொருள். செல்வம் என்றால் உடைமை. 'தமிகுசா' என்று இன்னொரு சொல், மக்களாகிய புல். எண்ணிக்கையில் அதிகம், வெட்ட வெட்ட முளைப்பது, காலடியில் கிடப்பது. அரசனின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சனம் இப்படித்தான் தெரியும் போலும். 'தமி' என்ற சொல்லுக்கு வேர் எது என்பதில் யப்பானிய அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வயலைக் குறிக்கும் 'த' என்ற சொல்லோடு சிலர் அதனை இணைக்கின்றனர்.

எங்கள் பக்கத்திலிருந்து இதற்கு விடை தேடியவர்கள் உண்டு. பேராசிரியர் சுசுமு ஓனோவின் பெயரை அறியாத தமிழாசிரியர் யாழ்ப்பாணத்தில் இல்லை. தோக்கியோவின் கக்குசுயின் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், பழைய யப்பானிய மொழியிற் பெரும் அறிவு பெற்றவர். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற கருத்தை 1980 அளவிலிருந்து முன்வைத்து, 2008 இல் மறையும்வரை அதற்காக வாதாடியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாசும் கலாநிதி மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து உழைத்தனர். எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பான மன்யோசுவின் காதற்பாடல்கள் மனோன்மணியின் தமிழில் எமக்குக் கிடைத்தமை இந்த உறவின் நல்ல பேறு. ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்ட அத்தொகுப்பின் ஒரு பகுதியை எமது அகப்பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு அவரால் வந்தது. மொழியுறவு பற்றிய வாதம் நின்றாலும் விழுந்தாலும் இந்தப் பணி நிற்கும்.

ஓனோவின் வாதம் வெறும் சொற்பட்டியல் அன்று. நெற்செய்கையும் உலோகமும் நெசவும் யாயோய் காலத்தில் யப்பானுக்கு வந்தபோது அவற்றோடு தமிழும் வந்தது என்றார். யப்பானியர் வயலைத் 'தம்போ' என்பதைத் தமிழின் 'தம்பல்' என்ற சொல்லோடும், அவர்களுடைய இலக்கியத்தின் உயிர்நாடியான 'அவரே' என்ற இரக்க உணர்வை எமது 'அவலம்' என்ற சொல்லோடும் ஒப்பிட்டார். தைப்பொங்கல் நாளில் நாம் கூவுவது போல, வட யப்பானின் சில ஊர்களிற் சிறு புத்தாண்டு நாளில் 'ஹொங்கரா ஹொங்கரா' என்று கூவுவதையும் எடுத்துக்காட்டினார். இதனைப் படிக்கும் தமிழனுக்கு உடல் சிலிர்ப்பது இயல்பு. எனக்கும் சிலிர்த்தது.

ஆனால் மொழியியலாளரிற் பெரும்பான்மையோர் இதனை ஏற்கவில்லை. யப்பானில் முரயாமா ஷிச்சிரோ போன்றோர் கடுமையாக மறுத்தனர். ஒலி இயைபு விதிகள் தளர்வானவை, பொருள் ஒப்புமை வலிந்து கொள்ளப்பட்டது, காலமும் தூரமும் பொருந்தவில்லை என்பன அவர்கள் கூறிய குறைகள். ஓனோவே பின்னாளில் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை விட்டு, தமிழின் தாக்கத்தால் உருவான கலப்பு மொழி என்ற நிலைக்கு நகர்ந்தார். 2003 இல் யப்பானின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தினர் கரிமக் காலக்கணிப்பின்படி யாயோய் நெற்செய்கையின் தொடக்கத்தைக் கி.மு. பத்தாம் நூற்றாண்டு அளவுக்குப் பின்தள்ளியபோது, கி.மு. 500 ஐ ஒட்டி அவர் கட்டியிருந்த கால அடுக்கும் ஆட்டங்கண்டது. இவற்றை எம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ஓனோ உழைப்பாளி, நேர்மையானவர், தமிழை மதித்தவர். அதற்கு நாம் செலுத்தும் நன்றி வேறு. அவர் முடிவை நிறுவப்பட்ட உண்மையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு.

'தமி'யும் 'தமிழ்'உம் ஒன்று என்பவர்கள் ஓனோவின் பொறுமைகூட இல்லாதவர்கள். ஒரு சொல் இன்னொரு சொல்லைப் போல ஒலிப்பது சான்றாகாது. அந்த 'ழ்' எங்கே போனது, வேறு எத்தனை சொற்களில் அது அப்படிப் போயிற்று என்று காட்டவேண்டும். யப்பானியர் நன்றி கூறும் 'அரிகத்தோ' போர்த்துக்கேயரின் 'ஒப்ரிகாதோ'விலிருந்து வந்தது என்று நீண்ட காலமாக ஒரு கதை உண்டு. போர்த்துக்கேயர் யப்பானிற் கால்வைத்தது 1543 இல். அந்தச் சொல்லோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே யப்பானிய நூல்களில் இருக்கின்றது. 'இருப்பதற்கு அரியது' என்பதே அதன் மூலப்பொருள். அரிது, கடினம் என்பதைக் குறிக்கும் அந்த எழுத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னர் தேவைப்படும்.

யப்பான் இந்தியாவிடம் பெற்ற கடனுக்கு ஐயமற்ற சான்று வேறு இடத்தில் இருக்கின்றது. அவர்களுடைய கானா நெடுங்கணக்கை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அரிவரி படித்த எவருக்கும் இது எங்கோ கேட்ட வரிசை. இந்த 'ஹ' முற்காலத்தில் 'ப' ஆக இருந்தது என்பதையும் சேர்த்தால் மிச்சமும் விளங்கும். சீனம் வழியாக வந்த சித்தம் என்னும் எழுத்தில் வடமொழி மந்திரங்களைப் படித்த பிக்குகள் விட்டுச்சென்ற ஒழுங்கு அது. இதில் தமிழின் பெயர் நேரடியாக இல்லை என்பதாலோ என்னவோ, எங்கள் மேடைகளில் இதற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை.

தமிழிலும் 'தமி' என்ற சொல் இருக்கின்றது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தனிமை என்பது அதன் பொருள். தமியன் என்றால் துணையற்றவன். 'தமியேன்' என்று பக்தர்கள் இறைவனிடம் தம்மைக் குறிப்பிடுவார்கள். யப்பானியத்திற் கூட்டத்தையும் தமிழில் ஒற்றையையும் குறிக்கும் ஒரே ஒலி! ஒலியொற்றுமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'மின்' சேர்ந்த கூட்டுச்சொற்களில்தான் எமது சொந்த வரலாறு வந்து நிற்கின்றது. ஒன்று 'மின்ஷு'. பழைய சீன நூல்களில் இதன் பொருள் 'மக்களின் தலைவன்', அதாவது அரசன். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சட்ட நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது இதே இரண்டு எழுத்தையும் எடுத்து, 'மக்களே தலைவர்' என்று தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். இன்று சீனத்திலும் யப்பானிலும் சனநாயகத்துக்குச் சொல் அதுவே. ஆனால் பேரரசரின் இறைமையை அரசியல் யாப்பிலேயே எழுதி வைத்திருந்த யப்பானில் இச்சொல்லை வெளிப்படையாகப் பாவிப்பது ஆபத்தாக இருந்தது. 1916 இல் யொஷினோ சக்குசோ என்ற பேராசிரியர் சனநாயகத்துக்காக வாதாடியபோது, 'மின்ஷு'வைத் தவிர்த்து 'மின்பொன்', மக்களே அடிப்படை, என்று ஒரு சொல்லைப் பாவித்தார். இறைமை யாருக்கு என்ற கேள்வியைத் தொடாமல் நழுவும் சொல். அவரைக் கோழை என்று சொல்ல நான் தயாரில்லை; எந்தச் சொல்லை எங்கே உச்சரிக்கலாம் என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த ஊரிலிருந்துதான் நாமும் வந்தோம்.

அடுத்தது 'கொக்குமின்': நாட்டு மக்கள், நாட்டுரிமை உடையவர். போரிலே தோற்ற யப்பானுக்கு 1946 இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் ஆங்கிலத்தில் ஓர் அரசியல் யாப்பு வரைவைக் கொடுத்தனர். அதில் சட்டத்தின் முன் எல்லா மனிதரும் சமன் என்றும், அந்நியருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றும் இருந்தது. யப்பானிய அதிகாரிகள் அந்நியரைப் பற்றிய வாசகத்தை நீக்குவித்தனர். மக்கள் என்ற இடத்தில் 'கொக்குமின்' என்று எழுதினர். ஆங்கிலத்தில் வாசிப்பவனுக்கு அது எல்லா மக்கள். யப்பானியத்தில் வாசிப்பவனுக்கு அது நாட்டுரிமை உள்ள மக்கள். ஒரே வாசகத்துக்கு இரண்டு வாசிப்பு. அந்த யாப்பு 1947 மே 3 இல் அமுலுக்கு வந்தது. அதற்கு முதல்நாள் பிறப்பிக்கப்பட்ட கட்டளை ஒன்று, யப்பானிற் குடியேறி வாழ்ந்த கொரியரையும் தாய்வானியரையும் அந்நியராகப் பதியச் செய்தது. 1952 ஏப்ரலிற் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, சுமார் ஆறு இலட்சம் கொரியர் யப்பானிய நாட்டுரிமையை ஒரேயடியாக இழந்தனர். யாரும் வீட்டைவிட்டு அசையவில்லை. எழுத்து மட்டும் அவர்களைவிட்டுப் போய்விட்டது.

இலங்கையர் எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுச் சட்டங்களும் மலையகத் தமிழரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று பங்கு பிரித்தனர். தமது பாட்டன் நட்ட தேயிலைக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர்கள் அந்நியரானார்கள். அந்த யப்பானிய உடன்படிக்கைக்காக 1951 செப்ரெம்பரிற் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசியவர் ஜே.ஆர். ஜயவர்த்தன. பகைமை பற்றிய புத்தரின் போதனையை எடுத்துக்கூறி, யப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்றார். யப்பானியர் அதை இன்றும் நன்றியோடு நினைவுகூருகின்றனர். காமகுராவில் அவருக்கு நினைவுச்சின்னமும் உண்டு. அதே மனிதர் 1983 யூலையில் எமது சனாதிபதியாக இருந்தார் என்பதை என் யப்பானிய வகுப்பில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

எங்கள் சொல்லையும் பார்க்கவேண்டும். பிரசை என்பது வடசொல். அதற்குக் குழந்தை என்றும் பொருள் உண்டு, அரசன் தந்தை என்ற எண்ணத்தின் எச்சம். தனித்தமிழில் குடிமகன் என்கின்றோம். ஆனால் யாழ்ப்பாணத்திற் குடிமக்கள் என்ற சொல்லுக்கு என் பாட்டி கொண்ட பொருள் வேறு. வண்ணார், அம்பட்டர் முதலாய, ஊர்ப் பெரியவர்களின் வீட்டுக்குக் கடமைப்பட்ட சாதியினரையே அவர் அப்படிச் சொன்னார். கலியாணவீடானாலும் செத்தவீடானாலும் "குடிமக்களுக்குச் சொல்லியாச்சோ?" என்பது முதற்கேள்வி. குத்தப்பட்ட கண்ணிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் சீன எழுத்தைக் கண்டு இரங்குவதற்கு முன்னர், எமது சொல்லுக்குள் யாருடைய முதுகு வளைந்திருக்கின்றது என்றும் கேட்கவேண்டும். கனடாவிற் குடியுரிமை எடுத்து, கையை உயர்த்திச் சத்தியம் செய்து, தம்மைப் பெருமையோடு குடிமகன் என்று சொல்லிக்கொள்ளும் எம்மவரிற் சிலர் ஊரில் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் போயிருப்பார்கள்.

'இமின்' என்பது இடம்பெயர்ந்து குடியேறிய மக்கள். கனடாவுக்கு வந்த யப்பானியர் தம்மை அழைத்த பெயர் அது. 1942 இல், பசுபிக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். வள்ளங்கள், வீடுகள், தோட்டங்கள் அரசாங்கத்தால் விற்கப்பட்டன. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1949 ஏப்ரலில்தான் கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. ரொறன்ரோவில் இன்று யப்பானியக் கனடியர் இந்த அளவில் இருப்பதற்கு அந்தச் சிதறடிப்பும் ஒரு காரணம். 1988 செப்ரெம்பரில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலர் கொடுத்தது. கனடாவைப் புகலிடம் என்று மட்டும் அறிந்த எமது பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகளையும் சொல்லவேண்டும்.

இப்போது அந்த 'அரிது' என்ற எழுத்து. அதன் ஒன் வாசிப்பு 'நன்': கடினம், இடர். அதனை 'மின்'உடன் சேர்த்தால் 'நன்மின்'. தமிழ்க் காதுக்கு இனிமையாக ஒலிக்கின்றது. அதன் பொருள் அகதி. இடருற்ற மக்கள். நன்றி சொல்லும் 'அரிகத்தோ'வை எழுத்திற் காட்ட வேண்டுமானால் முதலில் இடத்தைப் பிடிப்பவற்றுள் இதே எழுத்தும் ஒன்று. கனடாவில் வாழும் அகதியிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது நன்றியை என்பதால், இந்த ஒற்றுமை என்னைச் சிறிது சிரிக்கவைத்தது.

என் கட்டடத்தில் எலிவேற்றரில் ஏறினால் இந்த ஒரு பொருளுக்கு மூன்று மொழிகளிற் சொல் கேட்கலாம். பஞ்சாபியர் 'சர்ணார்த்தி' என்பர். சரணை நாடுபவர் என்று பொருள். 1947 இன் பிரிவினையோடு அவர்கள் நெஞ்சிற் பதிந்த சொல். சோமாலியர் 'கஹோத்தி' என்பர். தப்பி ஓடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாம் அகதி என்கின்றோம்: அ, கதி, போக்கிடம் இல்லை. ஒருவர் எதைத் தேடுகின்றார் என்று பஞ்சாபி சொல்கின்றது. என்ன செய்தார் என்று சோமாலி சொல்கின்றது. என்ன இல்லை என்று தமிழ் சொல்கின்றது. எமது சொல்லினுள் ஆளே இல்லை. யப்பானியச் சொல்லில் 'மின்' இருக்கின்றது. இடர்ப்பட்டாலும் அவர்கள் இன்னமும் மக்கள்.

சொல் நன்றாக இருப்பது வேறு, கதவு திறந்திருப்பது வேறு. கனடா அகதிகள் உடன்படிக்கையில் 1969 இலும் யப்பான் 1981 இலும் சேர்ந்தன. இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை சேரவில்லை. 1978 தொடக்கம் 2005 வரை இந்தோசீனாவிலிருந்து வந்த சுமார் 11,300 பேரை யப்பான் குடியமர்த்தியது. ஆனால் தானாக வந்து விண்ணப்பித்தவர்களைப் பொறுத்தவரை கை இறுகியே இருந்தது. 2017 இல் 19,629 பேர் விண்ணப்பிக்க, அகதியாக ஏற்கப்பட்டவர்கள் 20 பேர். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட எம்மவர் 155 பேர் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 இல் யப்பான் ஏற்றுக்கொண்டவர் 303 பேர். அதுவே அதுவரை ஆகக்கூடிய தொகை. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில் ஆகக்கூடியவர்கள் இலங்கையர். 2021 மார்ச்சில் நகோயாத் தடுப்பு நிலையத்தில் நோயுற்று, வைத்திய உதவி கேட்டும் போதிய கவனிப்பின்றி இறந்த விஷ்மா சந்தமாலியும் இலங்கைப் பெண். அவர் சிங்களவர். எம் பத்திரிகைகள் அவரைப்பற்றி எழுதியது போதாது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையில் யப்பானிய அன்றாடப் பேச்சில் 'நன்மின்' மலிவாகிவிட்டது. வாடகை கொடுக்க முடியாமல் இணையக் கடைகளிற் படுத்தெழும் இளைஞரை 2007 இல் 'இணையக்கடை நன்மின்' என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. கடைகள் மூடப்பட்ட ஊர்களில் வாழும் முதியவர் 'சாமான் வாங்கும் நன்மின்'. மத்தியானச் சாப்பாட்டுக் கடையில் இருக்க இடம் கிடைக்காத கந்தோர்க்காரன் 'மதியபோசன நன்மின்'! தாம் அகதிகளை ஏறக்குறையக் காணாத ஒரு சமூகத்திற்கு அந்தச் சொல் பகிடியாகும் அளவுக்குக் கனம் குறைந்துவிட்டது.

2022 இல் உக்கிரேனியர் வந்தபோது அரசாங்கம் அவர்களை விரைவாகவும் மரியாதையாகவும் வரவேற்றது. ஆனால் 'நன்மின்' என்று அழைக்கவில்லை. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஹினன்மின்', இடரைத் தவிர்த்து ஒதுங்கிய மக்கள், என்று பெயரிட்டது. பூகம்பத்தின்போது பள்ளிக்கூடத்திற் தங்கவைக்கப்படுபவருக்குப் பாவிக்கும் வகைச் சொல். ஓர் எழுத்தின் வித்தியாசம். சட்டத்தில் அதன் விலை அகதி அந்தஸ்து. 2023 டிசெம்பரில் அவர்களைப் போன்றவர்களுக்கெனப் புதிய சட்டவகை ஒன்று நடைமுறைக்கு வந்தது. 'ஹொகன்தெகி ஹொகோ தாய்ஷோஷா', துணைநிலைப் பாதுகாப்புக்கு உரியவர், என்பது அதன் பெயர். எட்டு எழுத்துக்களைக் கொண்ட அந்த நீண்ட பெயரை என் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். கடைசி எழுத்து 'ஷா', ஆள். 'மின்' அதில் இல்லை.